ஒன்பதாவது வளைவில் இரண்டாவது கியர்

"நான் கையே வைக்கல அண்ணே. அதுவா ரெண்டாவது கியருக்கு இறங்குது" என்றான் பாஸ்ஸு.

ஹம்மூ மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். டிஷ்கா கணவாய்க்குக் கீழே, சாலையோரத்தில் அவர் பட்டறை. ஆட்டோமேட்டிக் டீசல் வண்டி எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாற வேண்டும் என்று மாற்றி எழுதித் தருவதில், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவரை விட்டால் ஆள் கிடையாது.

"ஆட்டோமேட்டிக்னா அதுவாத்தான் இறங்கும். பின்ன, உன்கிட்ட அனுமதி கேக்குமா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மலைமேல இருந்து இறங்கும்போது மட்டும். அதுவும் ஒரே இடத்துல. நாப்பதுலயோ அம்பதுலயோ வந்துக்கிட்டிருக்கும்போது சடார்னு இறங்கி, நடக்கிற வேகத்துக்கு வந்துடுது. போன வாரம் ஒரு இத்தாலிக்காரம்மாவுக்கு நெத்தியில அடி."

பாஸ்ஸு சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பிழைப்பவன். சகோராவில் ஓட்டல் வைத்திருந்த ஒருவரிடமிருந்து இந்த வெள்ளை ஜீப்பை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.

"என் வீட்டுக்காரிக்கு எட்டு மாசம். சனிக்கிழமை மலை தாண்டி மராக்கெஷ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இது ஜின் பிசாசு ஓட்டுற வண்டின்னு ஏற மாட்டேங்கிறா."

"கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் காட்டல. கியர்பாக்ஸுக்கு வேகம் தெரியும், நீ மிதிக்கிறது தெரியும். இடமெல்லாம் தெரியாது. எந்த இடம்?"

"கணவாயில இருந்து எண்ணினா ஒன்பதாவது வளைவு."

ஹம்மூவின் சிரிப்பு நின்றது. மடிக்கணினியை மூடினார்.

"எடு வண்டியை. போய்ப் பார்ப்போம்."

மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கியபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. ஆனாலும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து பாதி சாலையை விழுங்கியிருந்தது. பாஸ்ஸு வளைவுகளை வாய்விட்டு எண்ணினான். ஏழு. எட்டு. ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டிலிருந்தும் காலைத் தூக்கிக் காட்டினான்.

ஒன்பது.

என்ஜின் அலறியது. இருவரும் முன்னால் போய் விழாத குறை. வண்டி ஊர்ந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. பத்து நொடி இருக்கும். பிறகு யாரோ 'போகலாம்' என்று சொன்னதுபோல, கியர் மெல்ல மேலே ஏறியது.

"பாத்தீங்களா? யாரோ குறுக்க போறதுக்கு வழி விடற மாதிரி இல்ல?"

பாஸ்ஸு திரும்பிப் பார்த்தான். ஹம்மூ கண்களை இறுக மூடியிருந்தார்.

"ஓரமா நிறுத்து."

நிறுத்தினான். ஹம்மூ கண்ணைத் திறந்து, கடந்து வந்த வளைவைத் திரும்பிப் பார்த்தபடி பேசினார்.

"இத்தோன்னு எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஏழு வயசு. அந்த வளைவுலதான் டூரிஸ்ட்டுக்குக் கலர் கல்லு விக்க நிப்பா. நாலு வருஷத்துக்கு முன்னாடி மேல இருந்து ஒரு வண்டி பெரிய கியர்லயே வந்திருக்கு. பிரேக் சூடாகிப் பிடிக்கல."

பாஸ்ஸு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"அதுக்கப்புறம் என்கிட்ட வர்ற ஆட்டோமேட்டிக் எதையும் நான் சும்மா அனுப்பறதில்ல. யாருக்கும் சொல்லாம ஒரு சின்னப் பெட்டியை உள்ள மாட்டிடுவேன். வண்டி எங்க இருக்குன்னு அது சாட்டிலைட்டைக் கேட்டுத் தெரிஞ்சுக்கும். மேல இருந்து இறங்கும்போது இந்த வளைவு வந்தா ரெண்டாவது கியருக்கு இறக்கிடும். இதுவரைக்கும் பன்னிரண்டு வண்டி. உனக்கு வித்த அந்த சகோராக்காரர் எப்பவோ என்கிட்ட வந்திருக்கணும், முகம் ஞாபகம் இல்ல. பண்ணினது தப்புதான். வா, கழட்டிடறேன்."

இரண்டு மாதப் பயம் ஒரே மூச்சில் வெளியேறியது. பாஸ்ஸுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக உடனே வெட்கமும் வந்தது. வண்டியைக் கிளப்பினான்.

பட்டறையில் ஹம்மூ டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார். திருகுகளைக் கழற்றி மூடியை இறக்கிவைத்தார். திறந்த கதவோரம் குந்தியிருந்த பாஸ்ஸு தலையை உள்ளே நீட்டினான்.

"அண்ணே, கழட்ட வேணாம். இருந்துட்டுப் போகட்டும்."

"உன் வீட்டுக்காரி ஏற மாட்டாளே."

"விஷயத்தைச் சொன்னா ஏறுவா. எங்களுக்கும் ஒண்ணு பொறக்கப் போகுது. அந்த வளைவுல நானும் மெதுவாப் போனா என்ன கெட்டுப்போச்சு?"

டார்ச் வெளிச்சம் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் போனது. மறுபடி இடப்பக்கம் வந்து, அங்கேயே நின்றது.

"அண்ணே?"

ஹம்மூ மெதுவாக வெளியே நகர்ந்து வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எதை இருக்கட்டுங்கிற பாஸ்ஸு? உள்ள என்னோட பெட்டி இல்ல. வேற யாரும் கை வைக்கவும் இல்ல. கியர்பாக்ஸ் ஒயர்ல கம்பெனி போட்ட சீல்கூட இன்னும் கிழியாம அப்படியே இருக்கு."