திரையின் மேல் விழுந்த பழி

பூங்கோதையின் லேப்டாப் திரை சில வாரங்களாகவே விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. "இந்தத் திரை போயிடுச்சு" என்று ஒவ்வொரு முறையும் அவள் தலையில் அடித்துக்கொள்வாள். திரைக்கு அவமானமாக இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்று பார்க்கும். அப்படியும் மினுக்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுத் திரை வந்து இறங்கியது. பூங்கோதை ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழையதைச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் புதியதை மாட்டினாள். அதுவும் மினுக்கியது.

"அக்கா, நானும் கெட்டுப்போய்தான் வந்திருக்கேனா?" என்று பழைய திரையிடம் அழாத குறையாகக் கேட்டது புதியது.

பூங்கோதை கீலுக்கு அருகே விரலால் துழாவினாள். அங்கே திரைக்குப் போகும் கேபிள் பாதி கழன்றிருந்தது. அழுத்திச் செருகியதும் புதியது மினுக்காமல் பளிச்சென்று நின்றது. சந்தேகம் வந்து பழையதையும் மாட்டிப் பார்த்தாள். அதுவும் அப்படியே நின்றது.

"உன்மேல தப்பே இல்லையேக்கா!" என்றது, பெட்டிக்குள் திரும்பப் போய்க்கொண்டிருந்த புதுத் திரை. "இத்தனை நாள் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"எனக்கே தெரியாதேம்மா" என்றது பழைய திரை. "அவ சொல்லச் சொல்ல, நானும் நம்பிட்டேன்."