வேண்டியது மட்டும்

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். இளையவள் கணினியில் 'நெஞ்சு வலி' என்று தட்டினால் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். கண்ணாடி போட்ட மூத்தவள், அந்த நோய்க்கென்று கட்டுரைத் தரவுத்தளம் வைத்திருக்கும் ஒரே பெயரை, அதாவது பொருள் தலைப்பை, பிடித்துத் தேடுவாள். வேண்டியது மட்டும் வரும். டாக்டர்கள் அவளையே சுற்றுவார்கள். இளையவளுக்கு வயிறு எரியும்.

மூத்தவள் காய்ச்சலில் இறந்துபோனாள். இளையவள் அவள் இருக்கைக்கு மாறினாள். பொருள் தலைப்புகளையும் கரைத்துக் குடித்தாள்.

ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்த டாக்டர் காகிதங்களோடு வந்தார்.

"கண்ணாடி போட்ட பெரியக்கா இல்லையா? காலையில இதே சீட்ல உக்காந்துதான் தேடிக் குடுத்தாங்க. நச்சுனு மூணே கட்டுரை."

காலையிலிருந்து இளையவள் அந்த இருக்கையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. காகிதங்களை வாங்கிப் புரட்டினாள். ஒன்றுகூடத் தப்பில்லை.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே சார்" என்றாள்.