இரைச்சல்

ஆம்ப்ளிஃபயரில் கன்டென்சரைத் தலைகீழாக மாட்டியது ரேடியோ ரிப்பேர்க் கடை ஜாபர் சாதிக்தான். பிளஸ் எது, மைனஸ் எது என்று ஊருக்கே பாடம் எடுக்கிற அதே ஜாபர் சாதிக்.

சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அது டமாரென்று வெடித்தது.

சிவகாசியில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் ஓடுவதில்லை. எந்தத் திசையில் புகை என்று வானத்தைப் பார்ப்பார்கள். கடைத்தெருவே வெளியே வந்து பார்த்தது. டீக்கடைக்காரர், தாயில்பட்டிப் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கும் மகளுக்குப் போனே போட்டுவிட்டார்.

"ஒண்ணுமில்லப்பா, இங்கனதான்! நம்ம கைவரிசை!"

ஜாபர் சாதிக் வாசலில் நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால், ஆம்ப்ளிஃபயரை ரிப்பேருக்குக் கொண்டுவந்த பிரபாகரனைக் காணோம்.

மேஜைக்கடியில் இருந்தான், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு.

"ஏந் தம்பி, எம் வேலை மேல அம்புட்டு நம்பிக்கையா?"

அவன் சிரிக்கவில்லை.

போன சீசனில் அவன் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் ஓர் அறை வெடித்து ஆட்களோடு போனது. தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் அவன் தப்பினான். இனி அந்தப் பக்கம் போவதில்லை. கச்சேரியில் கிட்டார் வாசித்துத்தான் பிழைப்பு. அதற்கும் வந்தது வினை. ஆம்ப்பில் ஙொய் என்று ஓர் இரைச்சல். அதை வைத்துக்கொண்டு சுதி சேர்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை விருதுநகர்க் கல்யாணத்திலும் சொதப்பினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகக் குழுவில் சொல்லிவிட்டார்கள்.

ஜாபர் சாதிக் புதுக் கன்டென்சரை, இந்த முறை பிஸ்மி சொல்லி, சரியாக மாட்டினார்.

"இப்ப?"

"இரையுது, பாய்."

ஒவ்வொரு கண்ணாடி வால்வாகப் பென்சிலால் தட்டிப் பார்த்தார். மாற்றிப் பார்த்தார். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் மனைவி சபியா கூப்பிட்டாலே கேட்காத காது இது. இதை நம்பி ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்கலாமா?

மறுபடி கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"இரையுது, பாய்."

கைச்சரக்கெல்லாம் தீர்ந்தபின் அவரிடம் மிச்சமிருந்தது கேலி ஒன்றுதான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். வால்வுகளின் செந்நிறம் மெல்ல அவிந்தது. பிளக்கை மைக்போல அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

"சொல்லுங்க வித்வான், இப்ப எப்படி இருக்கு?"

பிரபாகரன் பிளக்கையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காதுகொடுத்துக் கேட்டான், வெகுநேரம்.

"அப்படியேதான் இரையுது, பாய்."