ஹைதமின் நாற்காலி

"அந்த ஹைதமை வெளியே தள்ளுங்க அக்கா. இல்லேன்னா என் உழைப்பெல்லாம் போச்சு."

லுபாபா குரல் உயர்த்திப் பேசி சௌசன் கேட்டதேயில்லை. பல்கலைக்கழகத்தின் இர்பித் வளாகத்தில் கிளஸ்டரை, எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பெரிய கணினித் தொகுதியை, கவனிப்பவள் சௌசன்.

மழைவெள்ளம் எந்தத் தெருவரை ஏறும் என்று கணக்கிடும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. எல்லோருக்கும் பொது. ஆனால் ஒரே நேரத்தில் நாலு பேர்தான் திறக்கலாம். அம்மானில் இருக்கும் தலைமை வளாகத்துக்கும் சேர்த்தே அந்த நாலு இடம்.

மாலை நாலு மணிக்குள் லுபாபா கணக்கை முடித்துத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். தவறினால் முதுகலைப் பட்டம் அடுத்த வருடம்தான். காலையிலிருந்து திறக்கும்போதெல்லாம் 'இடமில்லை' என்றே வந்தது.

மூன்று இடம் அம்மான்காரர்களிடம். நாலாவது, லுபாபாவின் ஆய்வகத்தில் மூத்த மாணவரான ஹைதமிடம். தினமும் விடியும்போதே வந்து திறப்பார். மாலைவரை மூட மாட்டார். அவர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஜன்னலோரம் நின்று டீ குடிப்பார்.

"கூட்டாளிங்க வந்து அரட்டை அடிக்கத்தான் அந்த இடம். இப்பகூட ஆளில்லாம சும்மா திறந்து கிடக்கு."

"அவர்கிட்ட கேட்டியா?"

"நான் இந்த ஆய்வகத்துக்கு வந்தே ஒரு மாசம்தான். பக்கத்து மேசை ரோலாகிட்ட சொன்னேன். 'அவர்கிட்ட கேளு, நாற்காலியே தருவார்'னு சிரிக்கிறா. கிண்டல்."

சௌசனின் அறை வேறு கட்டடத்தில். அவளுக்குத் தெரிவது திரையில் வரும் பெயர்கள் மட்டுமே. ஹைதமின் பெயருக்கு நேரே ஒரு மணி நேரமாக எந்த வேலையும் ஓடவில்லை. விதிப்படி வெளியேற்றினாள்.

லுபாபா ஆய்வகத்துக்கு ஓடிப்போய்த் திறந்தாள்.

இடமில்லை. இப்போது நாலும் அம்மான்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்றாள் ரோலா. "அம்மான்ல மனுஷங்களா உட்கார்ந்து திறக்கறாங்க? ஒரு புரோகிராம் தட்டிக்கிட்டே இருக்கு. இடம் காலியானா கண்ணிமைக்கறதுக்குள்ள அள்ளிடும். விடியக்காலைல கொஞ்ச நேரம்தான் அது ஓயும். அப்ப வந்து நமக்குன்னு ஒண்ணைப் பிடிச்சு வைப்பார் ஹைதம். வேணுங்கறவங்க அவர் நாற்காலியில உட்கார்ந்து போட்டுக்குவோம்."

டீ கோப்பையோடு உள்ளே வந்தார் ஹைதம். அவர் தன் திரையைப் பார்த்தார். பிறகு லுபாபாவின் முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு அனுப்பணும்?"

"நாலுக்கு," என்றாள் லுபாபா.

ஹைதம் கோப்பையை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தார். அம்மான் கணக்கு ஒன்று முடிந்ததும் ஒரு இடம் கணநேரம் காலியாகும். ஆளாளுக்கு ஒரு கணினியில் விடாமல் தட்டினால் யாராவது ஒருவர் நுழைந்துவிடலாம் என்றார்.

"ஃபலாஃபல் கடையில முண்டற மாதிரி."

"அதுல நம்மள அடிச்சுக்க ஆளில்ல," என்று ரோலா கையை முறுக்கினாள்.

இருந்த அத்தனை பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். தட்டினார்கள். இடமில்லை. மறுபடி தட்டினார்கள். இடமில்லை. யாரோ அம்மானைச் சபித்தார்கள். யாருடைய விரலும் நிற்கவில்லை.

லுபாபாவின் திரை திறந்துகொண்டது.

அறையே எழுந்து நின்றது. யாரோ மேசையில் தாளம் போட, ரோலா கல்யாண வீடுபோலக் குலவையிட்டாள். வராந்தாவில் போன பேராசிரியர் எட்டிப் பார்த்து, "யாருக்கு நிச்சயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலு அடிக்கச் சற்று முன்பு, வெள்ள வரைபடம் தேர்வுக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணா," என்றாள் லுபாபா.

"அதெல்லாம் வேண்டாம். மூடாம எழுந்திரு, அது போதும்."

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. அங்கேயே முனைவர் படிப்புக்கும் சேர்ந்தாள். அடுத்த வருடம் ஹைதம் படிப்பு முடிந்து ஊருக்குப் போனார்.

அவர் போன சில வாரங்களில், புதிதாகச் சேர்ந்த யஸன் சௌசனின் கதவைத் தட்டினான்.

"அந்த லுபாபாவை வெளியே தள்ளுங்க அக்கா. விடியும்போதே வந்து இடத்தைப் பிடிச்சுக்கறாங்க. அப்புறம் ஜன்னலோரம் நின்னு டீ குடிக்கறாங்க."

அன்று நடந்ததை லுபாபாவே சொல்லக் கேட்டிருந்த சௌசன், இந்த முறை எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

"முதல்ல அவகிட்ட கேளு தம்பி. நாற்காலியே தருவா."