மற்ற வெற்றிலை

“மற்ற வெத்திலையையும் பிரிச்சுக் காட்டுங்கோ,” என்றார் குகநேசன் சேர்.

அம்மன் கோயில் பூசாரியின் மணி பாதியில் நின்றது.

விசயம் இதுதான். வினோதா பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து ஏ.எல். படிப்பதா, கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போவதா? கொழும்பில் இடம் பார்த்து வைத்தவர் பெரியப்பா முத்துலிங்கம். அண்ணன் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத அப்பா அழகன், “அம்மனே சொல்லட்டும்” என்று, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தே இரண்டு வெற்றிலையில் பூவை மடித்துக் கட்டிக் கொண்டுவந்தார். வெள்ளை என்றால் படிப்பு. சிவப்பு என்றால் கொழும்பு.

வினோதாவின் தங்கச்சி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை.

அப்போதுதான் வினோதாவின் விஞ்ஞான ஆசிரியரான குகநேசன் சேர் இப்படிக் கேட்டார்.

“ஒங்க பிள்ளைக்குத்தானே சேர் நல்லது வந்திருக்கு?” என்றாள் கூட்டத்தில் நின்ற காளியாயி.

“அதாலதான் கேக்கிறன். எங்களுக்குப் பிடிச்ச விடையைத்தான் முதல்ல சந்தேகப்படோணும்.”

“அதானே,” என்று முத்துலிங்கம் ஓடி வந்தார். “நல்லாப் பிரிங்க சேர்.”

சேர் வெற்றிலையின் ஓரத்தை விரித்தார். பார்த்தார். மூடினார். அழகனைப் பார்த்தார். அழகன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று சேருக்கு உடம்பு உதறியது. மூக்குக்கண்ணாடி எகிறி விபூதித் தட்டில் விழுந்தது.

“நான்தானடா அம்மன் வந்திருக்கிறன். பிள்ளையைப் படிக்க விடுங்கோ.”

“நம்ம அம்மா எப்ப இருந்து யாழ்ப்பாணத்துப் பேச்சு பேசுது?” என்று பூசாரி முணுமுணுத்தார்.

“சேர் மேல வந்தா சேர் மாதிரிதானே பேசும்,” என்று காளியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அம்மன் அந்த வெற்றிலையைப் பூவோடு வாயில் திணித்து, கறக் கறக்கென்று மென்று விழுங்கியது.

“சேர், உள்ள என்ன பூவு?” முத்துலிங்கம் விடவில்லை.

அம்மன் சட்டென்று மலையேறிவிட்டது. சேர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார்.

“சிவப்பு. நேரடியா அவதானிச்சனான்.”

“காட்டுங்க பாப்போம்.”

“ஆதாரம் வயித்துக்குள்ள போயிட்டுது.”

முத்துலிங்கம் சேரின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனார். அதற்குள் அழகன் முந்திக்கொண்டு, “எச்சி ஒட்டியிருக்குங்க சேர்” என்று தன் துண்டால் அவர் உதட்டைத் துடைத்தார்.

துண்டில் ஒட்டிய வெள்ளை இதழ் அண்ணன் கண்ணில் படாமல் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.