தளர்ந்த கிரீடம்

மூன்று தலைமுறையாக ராஜா வேஷம் கட்டிய குடும்பம் வேதாசலத்தினுடையது. இன்று சீரியல் படப்பிடிப்பில் அவருடைய கிரீடம் புருவம் வரை இறங்கியது. உள்ளே வைத்திருந்த பஞ்சை யாரோ எடுத்திருந்தார்கள்.

"தலை சிறுத்துப் போச்சாண்ணே?" என்று சிரித்தார் உடையலங்காரத் தாமோதரன்.

"வேற யாருக்குப்பா போட்டுப் பார்த்தே?"

தாமோதரன் ஊசியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அடுத்த ராஜா யார்? வேதாசலம் விறைப்பாக அரியணையில் அமர்ந்து, சபையில் ஒவ்வொரு தலையாக அளந்தார். கேமரா ஓடத் தொடங்கியது. மந்திரியாக நடிக்கும் குலசேகரன் வந்து, வழக்கத்தைவிடத் தாழ வணங்கினான்.

வேதாசலம் கிரீடத்தைக் கழற்றி நீட்டினார். வசனத்தில் அது இல்லை.

"தலைப்பாகையை எடுத்துவிட்டு இதை அணிந்து காட்டும், மந்திரியாரே."

குலசேகரன் இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் கட் சொல்லவில்லை. "இன்னும் கிட்டே போ," என்றார், கேமராக்காரரிடம் மெதுவாக.