கன்னம் நிறைந்த பிரதிநிதி

அநியாயம் நடந்தது அணிலுக்கு. அது தண்ணீர் குடித்துவந்த ஓடையைப் பெருங்காட்டுச் சபை யானைகளுக்கே எழுதிக்கொடுத்துவிட்டது. அந்தச் சபையில் அணிலின் தோப்புக்கும் ஒரு பிரதிநிதி இருந்தார். அவர்தான் குரங்கார்.

அதற்குமுன் அவர் தோப்பின் பொருளாளர். கோடைக்கென்று எல்லோரும் கொடுத்த பழங்களைத் தம் இரண்டு கன்னங்களிலும் அடக்கி வைத்திருந்தார். வாய் நிறையப் பழம் இருந்ததால் யாரோடும் சண்டையில்லை, ஒரு சுடுசொல் இல்லை. "என்ன அடக்கம், என்ன கண்ணியம்!" என்று மயில் உருகியது. அந்த ஒரு தகுதிக்காகவே அவரைச் சபைக்கு அனுப்பினார்கள். கன்னத்தைக் காலிசெய்துவிட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை.

அவர் திரும்பிவந்த அன்று அணில் வழிமறித்தது.

"அண்ணே, ஓடை போச்சு. குட்டிங்க நாக்கு வறண்டு கிடக்குதுங்க. சபையில 'கூடாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! உங்களை எதுக்கு அனுப்பினோம், வேடிக்கை பார்க்கவா?"

குரங்கார் கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். நிதானமாக மென்றார். இரண்டு கன்னமும் ஒட்டிப்போகும்வரை விழுங்கினார். பிறகு, முதல்முறையாக, தெளிவாகப் பேசினார்.

"வாயைத் திறந்திருந்தா உங்க பழமெல்லாம் கொட்டிப் போயிருக்குமே, தங்கச்சி! அதைக் காப்பாத்தத்தானே பேசாம இருந்தேன்."